முஸ்தபாவுக்கு எத்தனை மெகாஹெர்ட்ஸ்?

ஆபீஸ்ல ஆணி கொஞ்சம் ஓவர், அதான் ரெண்டு மாசமா இந்தப் பக்கம் வரல. இன்னிக்கு ஒரு பெரிய கொசுவத்தி சுத்தப் போறேன், பொறுத்துக்கோங்க மக்கா.

மேற்கு தாம்பரம் முடிச்சூர் ரோட்டுல ஒரு வீடியோ கேம் கடை இருந்தது. நான் மூணாம் கிளாஸ் படிக்கும்போது, 2005 வாக்குல. பத்துக்குப் பத்து ரூம், மூணு மரப்பெட்டி, ஒவ்வொண்ணுலயும் பழைய கலர் டிவி. ரெண்டு ரூபாய்க்கு ஒரு காயின். கடைக்காரரை எல்லாரும் 'கேம் அண்ணா'ன்னுதான் கூப்பிடுவோம். 2009ல கடையை மூடிட்டு, இப்ப அதே ரோட்டுல ஜெராக்ஸ், மொபைல் ரீசார்ஜ் கடை வச்சிருக்கார்.

2022ல ஒரு நாள் ஆதார் ஜெராக்ஸ் எடுக்கப் போனப்ப கேட்டார். "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானே. அந்த முஸ்தபாவை மறுபடியும் ஓட்ட முடியுமா?"

முஸ்தபான்னா காதல் தேசம் பாட்டு இல்லைங்க. 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசர்ஸ்'. 1993ல ஜப்பானோட கேப்காம் கம்பெனி விட்ட கேம். மார்க் ஷுல்ட்ஸ்னு ஒரு அமெரிக்க ஓவியரோட காமிக்ஸ்ல இருந்து எடுத்தது. நாலு ஹீரோ, அதுல ஒருத்தன் பேர் முஸ்தபா கெய்ரோ. ஓடி வந்து பறந்து உதைப்பான். கேமோட பேரை யாரு முழுசா வாசிச்சாங்க? தாம்பரத்துல மட்டுமில்ல, டெல்லி, கராச்சி, டாக்கான்னு எங்க கேட்டாலும் அது முஸ்தபா கேம்தான். இன்னொரு விஷயம், இந்த கேம் எந்த வீட்டு கன்சோலுக்கும் வரவே இல்ல. கேப்காம் 2018ல பழைய அடிதடி கேம் ஏழை ஒண்ணா சேர்த்து வித்தப்பகூட இதைச் சேர்க்கல. காசு குடுத்து வாங்கணும்னாலும் வழி கிடையாது.

காலேஜ் ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு வாங்கின ராஸ்பெர்ரி பை 3 வீட்ல தூசி படிஞ்சு கிடந்தது. 2016ல வந்த போர்டு. நாலு கோர், 1.2 கிகாஹெர்ட்ஸ், 1 ஜிபி ராம். ஒரிஜினல் முஸ்தபா போர்டுல மெயின் சிப் மோட்டரோலா 68000, வேகம் 12 மெகாஹெர்ட்ஸ். பை அதைவிட நூறு மடங்கு. அப்புறம் என்ன, ஜுஜுபின்னு உட்கார்ந்தேன். ஓடவும் ஓடிச்சு. ஆனா நூறு மடங்கு வேகத்துல பாதிக்கு மேல எங்க போகுதுன்னு பார்த்தப்பதான் இந்தக் கதையே புரிஞ்சது.

கல்யாண சமையல் மாதிரி யோசிச்சுப் பாருங்க. ஒரிஜினல் போர்டுல சாம்பாருக்கு ஒருத்தர், பாயசத்துக்கு ஒருத்தர், அப்பளத்துக்கு ஒருத்தர். கேமை ஓட்ட 68000, சத்தத்துக்குத் தனியா ஒரு இசட்80, அதுக்குத் துணையா கியூசவுண்ட் சிப், படம் வரைய கேப்காமோட சொந்த சிப்புங்க. எல்லாரும் ஒரே நேரத்துல வேலை செய்வாங்க. எமுலேட்டர்ல இருக்கறது ஒரே சமையல்காரர். அவரே ஒவ்வொரு அடுப்புக்கும் ஓடணும். அதுவும் நொடிக்கு அறுபது பந்தி, ஒரு பந்திக்கு 16 மில்லிசெகண்டுக்குக் கொஞ்சம் மேல. பந்தி தவறினா சத்தம் திக்கும், முஸ்தபா நடுவானத்துல நின்னுடுவான்.

இந்த ஒத்தை ஆள் சமையலுக்கு 1997 முக்கியமான வருஷம். பிப்ரவரி 5ம் தேதி இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 'மேம்' எமுலேட்டரோட முதல் வெர்ஷனை விட்டார். முதல்ல பேக்மேன் வகையறா கேம் சிலதுதான். அப்புறம் உலகம் பூரா ஆளுங்க சேர்ந்து ஆயிரக்கணக்கான போர்டுகளை உள்ள கொண்டுவந்தாங்க. சும்மா வந்துடல. கேப்காம் தன்னோட அடுத்த போர்டான சிபிஎஸ்-2ல புரோகிராமையே பூட்டி, சாவியை ஒரு பேட்டரியை நம்பி வச்சிருந்தது. பேட்டரி தீர்ந்தா போர்டு காலி, தற்கொலை பேட்டரின்னே பேரு. அந்தப் பூட்டோட கணக்கை ஆண்ட்ரியாஸ் நைவ்ங்கறவரும் சல்மோரியாவும் சேர்ந்து முழுசா உடைச்சது 2007 ஜனவரியில. ஒரிஜினல் முஸ்தபா போர்டுலயும் சவுண்டை ஓட்டுற சிப்புக்கு இதே மாதிரி பேட்டரிப் பூட்டு உண்டு.

மேமோட நோக்கம் விளையாட்டு இல்ல, ஆவணம். போர்டு எப்படி நடந்துக்கிச்சோ அப்படியே எழுதி வைக்கறது. அதனால வெர்ஷன் ஏற ஏற துல்லியம் கூடும், கூடவே ஹார்டுவேர் பசியும் கூடும். பை மாதிரி சின்ன போர்டுல வேணும்னே பழசைப் போடுவாங்க, 2000ம் வருஷத்து 0.37 பீட்டா 5 இல்லேன்னா 2003 வருஷத்து 0.78. (கேம் ஃபைலும் அதே வெர்ஷனுக்கு உள்ளதா இருக்கணும். இது தெரியாம ரெண்டு ராத்திரி தூக்கம் போச்சு, அவ்வ்வ்.) துல்லியம் என்ன விலை கேட்கும்னு 2011லயே ஒருத்தர் விளக்கி எழுதினார், பிஎஸ்நெஸ் எமுலேட்டரை எழுதின பையூ. சூப்பர் நின்டெண்டோவோட சிப் அதிகபட்சம் 3.58 மெகாஹெர்ட்ஸ். அதை அச்சு அசலா நடிக்க 3 கிகாஹெர்ட்ஸ் வேணும்னார்.

சரி, கேம் அண்ணாகிட்ட பையைக் கொண்டுபோய்க் காட்டினேன். முஸ்தபா ஓடிச்சு. ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 ஓடிச்சு. கடைசி ரெண்டு வருஷம் மணிக்கணக்குல விட்ட பிளேஸ்டேஷன் டெக்கன் 3யும் ஜம்முனு ஓடிச்சு. அண்ணா முகத்துல சந்தோஷம். கூடவே தயங்கித் தயங்கி இன்னொண்ணு கேட்டார். "அந்த ஸ்டீயரிங் வச்ச கார் கேம் வருமா? கடைக்கு வாங்கணும்னு ரொம்ப ஆசைப்பட்டேன், விலை கேட்டுட்டு திரும்பி வந்துட்டேன்."

டேடோனா யுஎஸ்ஏ. செகா, 1994. தாகெனொபு மிட்சுயோஷி "டேய்ட்டோனாஆஆ"ன்னு இழுத்துப் பாடுவாரே, அதே. அது ஓடுற மாடல் 2 போர்டுல இன்டெல் ஐ960 சிப்போட, விமானப் பயிற்சிக்கு சிமுலேட்டர் செஞ்ச அமெரிக்க கம்பெனியோட கிராஃபிக்ஸ் தொழில்நுட்பமும் இருந்தது. பை 3யில இதை நினைச்சுக்கூடப் பார்க்க முடியாது.

பை 4 வாங்கலாம்னு பார்த்தா 2022ல உலகம் பூரா சிப் பஞ்சம். அறிவிச்ச விலைக்கு எங்கேயும் கிடைக்கல, கிடைச்ச இடத்துல ரெண்டு மடங்கு சொன்னாங்க. பை 5 வந்ததே 2023 அக்டோபர்லதான். அதுக்குள்ள எனக்கு வேற ஒரு கணக்கு புரிஞ்சிருந்தது. மேமுக்குக் கோர் எண்ணிக்கை பெருசா உதவாது, ஒரே கோர் எவ்வளவு வேகம்ங்கறதுதான் முக்கியம். கிராஃபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் சும்மா வேடிக்கைதான் பார்க்கும், ஏன்னா துல்லியத்துக்காக 3டி படத்தையும் மேம் பிராசசர்லயே வரையும். எட்டு கோர், பத்து கோர்னு விளம்பரம் பண்ற சீப்பான ஆண்ட்ராய்டு பெட்டியில ஏமாறாதீங்க.

ஒரு சனிக்கிழமை தாம்பரத்துல எலக்ட்ரிக் டிரெயின் ஏறி, பார்க் ஸ்டேஷன்ல இறங்கி, ரிச்சி ஸ்ட்ரீட். கம்பெனிங்க கழிச்சுப் போட்ட மினி பிசி அங்க அடுக்கி வச்சிருப்பாங்க, பெரிய டிபன் பாக்ஸ் சைஸ்தான். ஐ5-6500டி, நாலு கோர், 2.5 கிகாஹெர்ட்ஸ், தேவைப்பட்டா 3.1 வரைக்கும் போகும், 35 வாட். 8 ஜிபி ராமோட எட்டாயிரத்துக்குப் பேசி முடிச்சேன். வாங்கறவங்க அடாப்டர் கூட வருதான்னு பாருங்க, எனக்கு அது தனியா தண்டம். டேடோனாவுக்கு மேம் போடல, மாடல் 2க்குன்னே எல்செமி எழுதின தனி எமுலேட்டர். அது கிராஃபிக்ஸ் சிப்பையும் வேலை வாங்கும். பழைய யூஎஸ்பி ஸ்டீயரிங் ஒண்ணை மாட்டி, டிவியில கேம் மோடு போட்டு (இல்லேன்னா பட்டனை அமுக்கி அரை நொடி கழிச்சுத் திரும்புற மாதிரி இருக்கும்), ஜெராக்ஸ் மெஷின் பக்கத்துலயே வச்சுக் குடுத்தேன். முதல் ரேஸ்ல அண்ணாவுக்கு நாப்பதுல முப்பத்தெட்டாவது இடம். அன்னிக்கு கடை ஒரு மணி நேரம் லேட்டா மூடிச்சு.

எல்லாம் முடிஞ்சு கிளம்பும்போதுதான் சொன்னார். "தம்பி, தப்பா நினைக்காதே. முஸ்தபா நல்லா இருக்கு. ஆனா நம்ம கடையில சத்தம் இப்படி இருக்காதுடா."

வீட்டுக்கு வந்து தேடினேன். அவர் சொன்னது சரி. நம்ம ஊர்ப் பக்கம் நிறைய ஓடினது கேப்காம் போர்டு இல்ல, காப்பியடிச்ச போர்டுங்க. சில காப்பி முஸ்தபாவுல கியூசவுண்டைத் தூக்கிட்டு, சாதாரண ஓகேஐ சவுண்டு சிப்பையும் அதை மேய்க்க ஒரு பிக் மைக்ரோகன்ட்ரோலரையும் போட்டிருப்பாங்க. மேம்ல அந்தக் காப்பி போர்டுகளுக்கும் இடம் உண்டு, ஆவணம்ங்கறதால திருட்டு ஒரிஜினல்னு பேதம் கிடையாது. ஆனா காப்பியடிச்சவன் அந்த பிக் சிப்பைப் படிக்க முடியாத மாதிரி பூட்டி வச்சுட்டான். அதனால அந்த செட் ரொம்ப வருஷம் மேம்ல ஊமையாவே கிடந்தது. கேப்காம் போட்ட பூட்டை உடைச்சாச்சு, பேர் தெரியாத ஒருத்தன் போட்ட பூட்டுக்கு உலகமே முழிச்சது. 3 கிகாஹெர்ட்ஸ் இல்ல, 30 கிகாஹெர்ட்ஸ் குடுத்தாலும் சிப்புக்குள்ள இருக்கறதைப் படிக்காம அந்தச் சத்தம் வராது.

அடுத்த நாளே ஓடினேன். "அண்ணா, பழைய போர்டு ஏதாவது இருக்கா?"

இருந்ததாம். கடை மூடினப்ப மூணு போர்டையும் துணியில சுத்தி, முடிச்சூர் வீட்ல கட்டிலுக்கு அடியில வச்சிருந்தாராம். 2015 டிசம்பர்ல அடையாறு பொங்கி முடிச்சூர், வரதராஜபுரம் எல்லாம் மூழ்கிச்சே, அதுல அந்த வீட்டுக்குள்ள நெஞ்சு வரைக்கும் தண்ணி. வடிஞ்சப்புறம் சேத்தோட சேத்தா அள்ளி காயலான் கடைக்குப் போட்டுட்டார். மூணுல எது முஸ்தபா, அது எந்த மாதிரி காப்பின்னு இனிமே யாருக்கும் தெரியாது.

முதல் லெவல் மியூசிக் நம்ம கடையில எப்படி இருக்கும்னு அவர்கிட்டயே கேட்டேன். ஜெராக்ஸ் போட்டுக்கிட்டே வாயால 'டுக் டுக் டுடுக்'னு வாசிச்சுக் காட்டினார். போன்ல பதிவு பண்ணி வச்சிருக்கேன், நாப்பது செகண்ட்.

டிஸ்கி: உங்க வீட்டுப் பரண்ல, இல்ல தெரிஞ்ச பழைய கேம் கடைக்காரர்கிட்ட ஏதாவது போர்டு இருந்தா எடைக்குப் போட்டுடாதீங்க. பின்னூட்டத்துல சொல்லுங்க, நானே வந்து பார்த்துக்கறேன்.