மாத்திரையின் பாதுகாப்பை எதனோடு ஒப்பிடுவது?

பி.சி.ஓ.எஸ். எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினைக்கு மருந்து எழுதும்போது, மகப்பேறு மருத்துவராகிய நான் அதிகம் எதிர்கொள்ளும் கேள்வி, ‘இந்த மாத்திரை பாதுகாப்பானதா?’ என்பதுதான். நியாயமான கேள்வி. ஆனால் யாருக்கு, எந்த நோக்கத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு, எதற்கு மாற்றாக என்பவற்றையும் சேர்த்துக் கேட்டால்தான் அதற்கு உருப்படியான பதில் கிடைக்கும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, கருவுறும் வயதுப் பெண்களில் 8 முதல் 13 சதவீதத்தினருக்கு இப்பாதிப்பு உள்ளது. இதற்குத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை வேறு தேவைகளுக்காக உருவானவை. மெட்ஃபார்மின் நீரிழிவுக்கானது, லெட்ரோசோல் மார்பகப் புற்றுநோய்க்கானது, ஸ்பைரோனோலாக்டோன் ரத்த அழுத்தத்துக்கும் இதய நோய்க்குமானது. மாத்திரை அட்டையுடன் வரும் தாளைப் படிக்கும் பெண்ணுக்கு அச்சம் எழுவது இயல்பே.

அந்த அச்சத்தைத் தவறாக எடைபோட்டால் என்ன ஆகும் என்பதற்கு லெட்ரோசோல் ஓர் உதாரணம். கருமுட்டை வெளியாவதைத் தூண்டவும் இம்மருந்து பயன்படுகிறது. 2005இல் கனடாவின் மான்ட்ரியால் நகரில் நடந்த மருத்துவ மாநாட்டில், இச்சிகிச்சையால் பிறந்த 150 குழந்தைகளிடம் இதய, எலும்புக் குறைபாடுகள் கூடுதலாகக் காணப்பட்டதாக ஓர் ஆய்வுச் சுருக்கம் முன்வைக்கப்பட்டது. அக்குழந்தைகள் ஒப்பிடப்பட்டதோ, ஆபத்து குறைந்த பிரசவங்களை மட்டும் பார்க்கும் மருத்துவமனையில் பிறந்த 36,000க்கும் மேற்பட்ட குழந்தைகளுடன். குழந்தையின்மைக்குச் சிகிச்சை பெறும் பெண்களின் வயதும் உடல்நிலையும் வேறு என்பதால், அந்த ஒப்பீடே பொருந்தாதது. மறு ஆண்டே 911 குழந்தைகளின் தரவுகளை ஆராய்ந்த மற்றொரு கனடிய ஆய்வு, பழைய மருந்தான குளோமிபீனைவிட லெட்ரோசோலால் குறைபாடுகள் அதிகரிக்கவில்லை என்று கண்டது.

எனினும், 2011 அக்டோபரில் மத்தியச் சுகாதார அமைச்சகம் குழந்தையின்மைச் சிகிச்சையில் லெட்ரோசோலைத் தடைசெய்தது. 2014இல் வெளியான அமெரிக்க ஆய்வில் பி.சி.ஓ.எஸ். உள்ள 750 பெண்கள் பங்கேற்றனர். லெட்ரோசோல் பெற்றவர்களில் 27.5 சதவீதத்தினரும் குளோமிபீன் பெற்றவர்களில் 19.1 சதவீதத்தினரும் குழந்தை பெற்றனர்; பிறவிக் குறைபாடுகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்தியாவில் தடை நீங்கியது 2017இல்தான். கர்ப்பம் இல்லை என்பதை உறுதிசெய்த பிறகே இம்மருந்தைத் தொடங்க வேண்டும் என்ற கட்டுப்பாடு மட்டும் இன்றும் அவசியமானது. இடைப்பட்ட ஆண்டுகளில் நம் பெண்களுக்குச் சட்டப்படி கிடைத்த மாத்திரை, பலன் குறைந்த குளோமிபீன்தான். தேவைக்கு மீறிய எச்சரிக்கையின் விலையை அவர்களே கொடுத்தார்கள்.

இதற்கு நேரெதிரான அலட்சியத்தை ஹார்மோன் மாத்திரைகளில் காண்கிறேன். மாதவிடாயைச் சீராக்கும் இவை ரத்த உறைவு அபாயத்தைக் கூட்டுகின்றன. ஐரோப்பிய மருந்துகள் முகமையின் கணக்குப்படி, இவற்றைப் பயன்படுத்தாத, கர்ப்பமில்லாத பெண்கள் 10,000 பேரில் ஆண்டுக்கு 2 பேருக்கு ரத்த உறைவு ஏற்படுகிறது. லெவோநார்ஜெஸ்ட்ரெல் உள்ள மாத்திரை எடுப்பவர்களில் இது 5 முதல் 7. டிராஸ்பைரினோன் உள்ளவற்றில் 9 முதல் 12. ‘பல மடங்கு ஆபத்து’ என்றும் சொல்லலாம். ‘10,000 பேரில் ஏறத்தாழ 9,990 பேருக்கு வராது’ என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் புகைபிடிக்கும் 35 வயதைக் கடந்தவர்கள், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள், முன்பே ரத்த உறைவு கண்டவர்கள், பார்வையில் மின்னல் கோடுகள் தோன்றும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஆகியோருக்கு இந்தச் சராசரி பொருந்தாது. ரத்த அழுத்தம்கூடப் பார்க்காமல், பழைய சீட்டைக் காட்டி மருந்துக் கடையில் மாதக்கணக்கில் வாங்கி விழுங்குவது ஆபத்தாவது இங்கேதான்.

மெட்ஃபார்மினின் கணக்கு வேறு. குமட்டலும் வயிற்றுப்போக்கும் தொடக்கத்தில் வந்து, பெரும்பாலும் தணிந்துவிடும். நெடுநாள் எடுப்போருக்கு வைட்டமின் பி12 குறையலாம். சிறுநீரகம் கடுமையாகப் பழுதடைந்தவர்களுக்கு இதைத் தரக் கூடாது. முகரோமத்துக்குத் தரப்படும் ஸ்பைரோனோலாக்டோன், ஆண் கருவின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால், கருத்தடையுடன் மட்டுமே எடுக்க வேண்டியது.

எந்த மருந்தும் எடுக்காமல் இருப்பதும் ஆபத்தில்லாத தேர்வு அல்ல. மாதவிடாய் மூன்று மாதங்களுக்கு மேல் வராத நிலை தொடர்ந்தால், கருப்பையின் உட்சுவர் தடித்து, நாளடைவில் புற்றுநோய்க்கும் வழிவகுக்கலாம். நீரிழிவுக்கான வாய்ப்பும் இவர்களுக்குக் கூடுதல். உணவு ஒழுங்கும் உடற்பயிற்சியும் எல்லோருக்கும் அடிப்படை. ஆனால், அவை மட்டுமே எல்லோருக்கும் போதுமானவையாக இருப்பதில்லை. ‘பக்கவிளைவே இல்லாதது’ என்று விற்கப்படும் எதையும், அதன் பலனுக்கான சான்றையும் கேட்ட பிறகே ஏற்க வேண்டும்.

ஆகவே, மருத்துவரிடம் நான்கு கேள்விகளைக் கேளுங்கள்: இது எனக்கு எதற்காக? என் உடல்நிலையில் இதற்கு ஏதேனும் தடை உண்டா? எத்தனை மாதம், எந்தப் பரிசோதனைகளுடன்? எடுக்காவிட்டால் என்ன ஆகும்? கெண்டைக்காலில் ஒருபக்க வீக்கமோ, திடீர் மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ ஏற்பட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பக்கவிளைவுகளைத் தேசிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தில் நோயாளிகளே பதிவுசெய்யலாம். அந்தப் பதிவுகள் பெருகினால்தான், அடுத்த முறை ஒரு மருந்தைத் தடைசெய்யும் முடிவையோ அனுமதிக்கும் முடிவையோ நம் நாட்டுப் பெண்களின் அனுபவத்தைக் கொண்டே எடுக்க முடியும்.