கலங்களுக்குள் நாளாந்தம் நடக்கும் திருத்த வேலை: டி.என்.ஏ. சேதமும் புற்றுநோயும்

“நான் ஆருக்கு என்ன பாவம் செய்தனான் பிள்ளை?” மார்பகப் புற்றுநோய் என்று தெரியவந்த கிழமை மாமி என்னிடம் கேட்ட முதல் கேள்வி இது. அடுத்தது, “சண்டை நேரம் பங்கருக்குள்ள கிடந்து குடிச்ச புகையாலயோ?” கிளினிக் வாங்கில் காத்திருக்கும் பலரிடம் இந்த இரண்டு கேள்விகளும் இருக்கின்றன. பதில் சொல்வதற்கு, நோயே இல்லாதவர்களின் உடலிலும் நாளாந்தம் என்ன நடக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எமது உடலின் ஏறக்குறைய ஒவ்வொரு கலத்துக்குள்ளும் சுமார் 2 மீற்றர் நீளமான டி.என்.ஏ. சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. அடினீன், தைமீன், சைற்றோசீன், குவானீன் என்ற நான்கு மூலங்கள் அதில் எழுத்துக்கள்போல வரிசையாக இருக்கின்றன. கலம் எப்போது பிரிய வேண்டும், எப்போது பிரிவதை நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் அந்த வரிசையில்தான் எழுதப்பட்டுள்ளது.

தலைமுறை தலைமுறையாகக் கடத்தப்படும் இந்த மூலக்கூறு மிகவும் உறுதியானது என்றே 1960களின் இறுதிவரை பெரும்பாலான விஞ்ஞானிகள் நம்பினார்கள். சுவீடனைச் சேர்ந்த தோமஸ் லின்டால் அதைச் சந்தேகித்தார். அவர் கண்டது இதற்கு நேரெதிரானது. கலத்திலுள்ள நீரும் உடற்சூடுமே டி.என்.ஏ.யைப் பழுதாக்கப் போதும். ஒரு கலத்தில் ஒரு நாளில் மட்டும் ஆயிரக்கணக்கான மூலங்கள் தாமாகவே கழன்று விழுகின்றன. இன்னும் நூற்றுக்கணக்கான சைற்றோசீன்கள் யுராசில் என்ற, டி.என்.ஏ.யில் இருக்கக் கூடாத பொருளாக மாறுகின்றன. நாம் உயிர் வாழச் சுவாசிக்கும் ஒட்சிசனும் தன் பங்குக்குச் சேதம் செய்கிறது. வெயில், புகை, கதிர்வீச்சு எல்லாம் இதற்கு மேலதிகம். பாடசாலையில் இரட்டைச் சுருளைக் கீறி நிறந்தீட்டிய எங்களுக்கு இதை ஒருவரும் சொல்லித் தரவில்லை.

இவ்வளவு சேதமும் அப்படியே கிடந்தால் எந்த உயிரும் நிலைக்காது. ஆகவே திருத்துகிற ஏதோ ஒன்று கலத்துக்குள் இருக்க வேண்டும் என்று லின்டால் தேடினார். 1974இல், யுராசிலைத் தேடி வெட்டியெடுக்கும் நொதியம் ஒன்றைப் பற்றீரியாவில் கண்டுபிடித்தார். பழுதான மூலத்தை ஒரு நொதியம் அகற்றும். இன்னொன்று அந்த இடத்தில் இழையை வெட்டும். வேறொன்று சரியான மூலத்தை நிரப்பும். கடைசியில் ஒன்று வெட்டை ஒட்டும். எதை நிரப்புவது என்று எப்படித் தெரியும்? டி.என்.ஏ. இரட்டை இழை. ஒன்றில் அடினீன் இருந்தால் எதிரில் தைமீன், சைற்றோசீன் இருந்தால் எதிரில் குவானீன். பழுதில்லாத இழை மாதிரிப் பிரதியாக உதவுகிறது.

துருக்கியின் சவூர் என்ற சிற்றூரில், எழுத வாசிக்கத் தெரியாத பெற்றோருக்குப் பிறந்து வைத்தியரான அஸீஸ் சன்சார், பின்னர் அமெரிக்காவில் ஆய்வு செய்து, வெயிலின் கழியூதாக் கதிரால் ஒட்டிக்கொண்ட மூலங்களைக் கலம் எப்படித் துண்டோடு வெட்டியெறிகிறது என்று விளக்கினார். கலம் பிரியும்போது பிரதியெடுப்பதில் நேரும் பிழைகள் திருத்தப்படும் விதத்தை அமெரிக்கரான போல் மொட்ரிச் காட்டினார். இந்தத் திருத்தம் பிழைகளைச் சுமார் ஆயிரத்தில் ஒன்றாகக் குறைக்கிறது. மூவருக்கும் 2015இல் வேதியியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

திருத்தும் பொறிமுறையே பிறப்பிலிருந்து பழுதாக இருந்தால் என்ன ஆகும்? மொட்ரிச் விளக்கிய திருத்தம் சரியாக இயங்காத குடும்பங்களில் பெருங்குடல் புற்றுநோய் இளவயதிலேயே வருகிறது. சன்சார் விளக்கிய திருத்தம் இயங்காத பிள்ளைகளுக்குச் சிறிது வெயிலே தோலைப் புண்ணாக்கும். சிறுவயதிலேயே தோல் புற்றுநோய் வரும். தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான பிரதி கிடைத்தால்தான் இந்த நோய் தோன்றும் என்பதால், நெருங்கிய சொந்தத்துக்குள் மணம் செய்யும் சமூகங்களில் அதன் சாத்தியம் கூடுதல்.

இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுவதுதான் மிக ஆபத்தான சேதம். அதைப் பிழையின்றி இணைக்க உதவும் பிறாக்கா 1, பிறாக்கா 2 என்ற பரம்பரையலகுகள் 1990களின் நடுப்பகுதியில் அடையாளம் காணப்பட்டன. பழுதான பிறாக்கா 1 உடைய பெண்களில் நூற்றுக்கு 60, 70 பேர்வரை வாழ்நாளில் மார்பகப் புற்றுநோயை எதிர்கொள்கிறார்கள். சூலகப் புற்றுநோய்க்கான ஆபத்தும் அதிகம். தகப்பன் வழியாகவும் இது வரலாம் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. ஆகவே தாய், சகோதரி மட்டுமல்ல, தகப்பனின் சகோதரிக்கு 50 வயதுக்கு முன் இந்நோய் வந்திருந்தாலும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். “குமர்ப்பிள்ளைகள் இருக்கிற வீடு” என்று மறைப்பது அந்தப் பிள்ளைகளுக்கே கேடு.

ஆனாலும் மார்பகப் புற்றுநோய்களில் இப்படிப் பரம்பரையாக வருபவை நூற்றுக்கு 5 முதல் 10 வரைதான். மற்றவை, வாழ்நாள் முழுதும் நடந்த கோடிக்கணக்கான திருத்தங்களில் தப்பிய சில பிழைகள் ஒரே கலத்தில் சேர்ந்ததன் விளைவு. வயது கூடக் கூட இந்நோய் கூடுவதற்கு இது முக்கிய காரணம். மாமியின் முதல் கேள்விக்குப் பதில் இதுதான்: பாவத்துக்கு இதில் இடமில்லை. இரண்டாவதற்கு, புகையிலுள்ள இரசாயனங்கள் டி.என்.ஏ.யைச் சேதமாக்குவது உண்மை. ஆனால் ஒருவருடைய கட்டியைக் காட்டி, இந்தப் புகையால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையாலும் சொல்ல முடியாது.

காரணத்தைத் தெளிவாகச் சொல்லக்கூடிய புற்றுநோயும் எம்மிடையே உண்டு. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். புகையிலை சேர்க்காமல் மென்றாலும் பாக்கு புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட ஆய்வறிக்கையில் கூறியது. பாக்கும் சுண்ணாம்பும் வாயில் சேரும்போது உருவாகும் பொருட்கள் கன்னத்துக் கலங்களின் டி.என்.ஏ.யை நேரடியாகத் தாக்குகின்றன.

மாமியிடம் மூன்றாவது கேள்வியும் இருந்தது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு கதிர்ச் சிகிச்சைக்குக் கிழமையில் 5 நாள், பல கிழமைகள் போகவேண்டியிருந்தது. வன்னியிலிருந்து பஸ்ஸில் போய்வந்து களைத்தவர், “இதை ஒரே நாளில குடுத்து முடிக்கேலாதோ?” என்றார். கதிர் செய்வது டி.என்.ஏ.யை அறுப்பது. அது நல்ல கலத்தையும் அறுக்கும், புற்றுநோய்க் கலத்தையும் அறுக்கும். ஆனால் நல்ல கலம் அடுத்த நாளுக்குள் பெரும்பாலான அறுவைகளைத் திருத்திவிடும். திருத்தும் வேலை சீர்கெட்ட புற்றுநோய்க் கலம் பழுதோடேயே பிரிய முயன்று சாகும். முழுவதையும் ஒரே தடவையில் கொடுத்தால் நல்ல கலங்களுக்கு அந்த அவகாசம் கிடைக்காது.

புதிய மருந்துகளும் இதே பலவீனத்தைப் பயன்படுத்துகின்றன. 2014இல் அங்கீகரிக்கப்பட்ட ஒலபரிப், பிறாக்கா பழுதான கட்டிகளில் எஞ்சியிருக்கும் இன்னொரு திருத்த வழியையும் அடைத்துவிடுகிறது. கீமோவால் தலைமயிர் கொட்டுவதற்குக் காரணம், அந்த மருந்துகள் வேகமாகப் பிரியும் கலங்களைத் தாக்குவதே. மயிர்வேர்க் கலங்களும் அப்படிப்பட்டவை. சிகிச்சை முடிந்தபின் பெரும்பாலும் மயிர் திரும்ப முளைக்கும்.

இடையில் நாட்களைத் தவறவிட்டால் புற்றுநோய்க் கலங்களுக்கும் பெருக அவகாசம் கிடைக்கும். பஸ் காசு இல்லை, வீட்டில் பிள்ளையைப் பார்க்க ஆளில்லை என்று ஒரு நாள் போக முடியாவிட்டால், அன்றே சிகிச்சைப் பிரிவுக்கு அறிவியுங்கள். தவறிய நாளை எப்படி ஈடுசெய்வது என்று அவர்கள் கணக்கிட்டுச் சொல்வார்கள்.