வன்தட்டுக் கணினிகளுக்குக் கேச் மெமரி: மதுரை வட்டாரப் பழைய மடிக்கணினிகளை முன்வைத்து ஒரு மதிப்பீடு

2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், எல்காட் நிறுவனத்தின் வழியாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் மாணவர் கைக்குப் போய்ச் சேர்ந்தன. மதுரையிலும் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களிலும் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். முதல் கட்டத்தில் வந்தவற்றில் 2 ஜிபி ரேமும் 320 ஜிபி வன்தட்டும் இருந்தன. அவற்றில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பவை மெதுவாக ஓடுகின்றன என்பதே அவற்றின் மீதான முதல் குற்றச்சாட்டு. வன்தட்டை மாற்றாமல், அதற்கு முன்னால் ஒரு சிறிய கேச் மெமரியை வைத்தால் இந்த மந்தம் தீருமா? கேச் என்னும் கருத்து பிழையற்றது. ஆனால் அந்தப் பெயரில் விற்கப்பட்ட தனித் தொகுதி இந்தக் கணினிகளுக்கான மருந்து அன்று என்பதே இக்கட்டுரையின் வாதம். வேகம் கூட்டுவதாகச் சொல்லப்படும் எந்தக் கருவியையும் அதன் உச்ச வேகத்தைக் கொண்டு எடை போடக் கூடாது. அது கைவிடும் தருணங்கள் எத்தனை என்பதைக் கொண்டே எடை போட வேண்டும்.

மந்தம் எங்கே பிறக்கிறது என்பதை முதலில் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். மடிக்கணினி வன்தட்டு பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுழல்வது. ஒரு சுற்றுக்கு 11.1 மில்லி விநாடி ஆகிறது. தேவையான தரவு படிக்கும் தலைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது 5.6 மில்லி விநாடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் தலை உரிய தடத்துக்கு நகர வேண்டும். அதற்குச் சுமார் 12 மில்லி விநாடி. ஆக ஒரு துணுக்கைத் தேடி எடுக்க ஏறக்குறைய 17.5 மில்லி விநாடி. விநாடிக்கு 57 துணுக்குகளுக்கு மேல் எடுக்க முடியாது. ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் விநாடிக்குக் கிடைப்பது 228 கிலோபைட்தான். அதே வன்தட்டு, வரிசையாக எழுதப்பட்ட ஒரு திரைப்படக் கோப்பை விநாடிக்கு 80, 100 மெகாபைட் என்று தடையில்லாமல் தருகிறது. எனவே வன்தட்டு பொதுவாகவே மெதுவானது என்று சொல்வது பாதி உண்மை. சிதறிக் கிடப்பதைப் பொறுக்குவதில்தான் அது மெதுவானது. கணினி விழித்தெழும்போதும், உலாவியைத் திறக்கும்போதும், இயங்குதளம் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும்போதும் நடப்பது இந்தப் பொறுக்கும் வேலைதான்.

இங்கேதான் கேச் பொருள் பெறுகிறது. அடிக்கடி தேவைப்படுவதை அருகில், விரைவாக எடுக்கத்தக்க இடத்தில் வைத்துக்கொள்ளும் இந்த முறையைக் கேம்பிரிட்ஜின் மாரிஸ் வில்க்ஸ் 1965இல் எழுத்தில் முன்வைத்தார்; ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 மாடல் 85 அதை 1968இல் விற்பனைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அதே ஆண்டில் பீட்டர் டென்னிங், ஒரு நிரல் எந்த ஒரு காலத் துண்டிலும் தன் மொத்தத் தரவில் ஒரு சிறு பகுதியையே திரும்பத் திரும்பத் தொடுகிறது என்பதைக் கோட்பாடாக்கினார். 320 ஜிபி வன்தட்டுக்கு முன்னால் 16 ஜிபி கேச் எம்மாத்திரம் என்ற கேள்விக்கு விடை இதில் இருக்கிறது. வைகைச் சமவெளியில் வேளாண்மை பார்த்தவர்களுக்கு இது புதிய செய்தியும் அன்று. ஒரு கண்மாயின் பயனை அதன் கொள்ளளவை மட்டும் வைத்து யாரும் கணக்கிடுவதில்லை. ஒரு பருவத்தில் அது எத்தனை முறை பெருகிற்று என்று கேட்பார்கள். மூன்று முறை பெருகிய சிறு கண்மாய், ஒரே முறை நிறைந்த பெரிய கண்மாயைவிட அதிக வயலுக்குப் பாயக்கூடும். ஆனால் வரத்து பொய்த்த ஆண்டில் கரை எவ்வளவு உயரம் என்பதால் ஆவது ஒன்றுமில்லை. கேச்சுக்கும் இந்த இரண்டாவது பாதி பொருந்தும். விளம்பரங்கள் சொல்லாமல் விட்டதும் அதையே.

இந்தக் கருத்தை வன்தட்டுக் கணினிக்குள் கொண்டுவர நடந்த முயற்சிகள் பல. 2007இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த ரெடிபூஸ்ட் பென் டிரைவையே கேச்சாக்கப் பார்த்தது. இன்டெல்லின் டர்போ மெமரியும் அவ்வாண்டே வந்தது. 2010இல் சீகேட் தன் மொமென்டஸ் எக்ஸ்டி வன்தட்டுக்குள்ளேயே 4 ஜிபி ஃபிளாஷைப் பொதித்தது. 2017 ஏப்ரலில் வந்த ஆப்டேன் மெமரி இவற்றுள் மிகவும் முதிர்ந்தது: 3டி எக்ஸ்பாயின்ட் என்னும் புதிய வகை நினைவகத்தில் செய்த 16 ஜிபி தொகுதி 44 டாலர், 32 ஜிபி தொகுதி 77 டாலர். மின்சாரம் நின்றாலும் உள்ளடக்கம் அழியாது. ஒரு துணுக்கை எடுக்க ஏறக்குறைய 10 மைக்ரோ விநாடியே போதும். பொறியியல் நோக்கில் அது போற்றத்தக்க பொருள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அது இயங்க எம்.2 துளை வேண்டும், ஏழாம் தலைமுறை இன்டெல் செயலி வேண்டும், அதற்கேற்ற சிப்செட் வேண்டும். 2011இல் கொடுத்த மடிக்கணினிக்கு இவற்றுள் ஒன்றுகூட இல்லை. 2016 ஆகஸ்டுக்கு முன் வந்த எதற்குமே அந்தச் செயலி கிடையாது. மேலும் அதன் கேச் மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே உரியது. லினக்ஸை நம்பியிருப்பவர்களுக்கு அதனால் பயனில்லை. எந்தக் கணினிகளுக்கு வேகம் மிகவும் தேவைப்பட்டதோ, அவற்றுக்குள் நுழையவே முடியாத வேக மருந்தாக அது வந்தது. 2022 ஜூலையில் இன்டெல் ஆப்டேன் தொழிலையே மூடுவதாக அறிவித்து, தேங்கிய சரக்குக்காக 55.9 கோடி டாலரை இழப்பாக எழுதியது.

நுழைய முடிந்திருந்தாலும் அது சரியான தேர்வாக இருந்திருக்காது என்பதைச் சிறு கணக்கொன்று காட்டும். கேட்கும் துணுக்குகளில் 100க்கு 90 கேச்சிலேயே கிடைக்கின்றன, மீதி 10க்கு வன்தட்டுக்குப் போக வேண்டியிருக்கிறது என்று கொள்வோம். ஆப்டேனை வைத்தால் சராசரிக் காத்திருப்பு 1.76 மில்லி விநாடி. அதைவிடப் பத்து மடங்கு மெதுவான, 100 மைக்ரோ விநாடி எடுக்கும் சாதாரண ஃபிளாஷைக் கேச்சாக வைத்தால் 1.84 மில்லி விநாடி. பத்து மடங்கு வேறுபாடு எங்கே போயிற்று? வன்தட்டுக்குப் போன அந்தப் பத்துத் துணுக்குகளின் காத்திருப்பு எல்லாவற்றையும் விழுங்கிவிட்டது. இப்போது கேச்சே வேண்டாம், முழு வன்தட்டையும் நீக்கி அதே சாதாரண ஃபிளாஷால் ஆன எஸ்எஸ்டியை மாட்டுவோம். ஒவ்வொரு துணுக்குக்கும் 0.1 மில்லி விநாடி. கேச் வைத்த கணினியைவிட ஏறக்குறைய 18 மடங்கு வேகம். விலையுயர்ந்த ஆப்டேன் இந்த மலிவான எஸ்எஸ்டியை எட்டிப் பிடிக்க வேண்டுமென்றால், ஏறக்குறைய 200 முறைக்கு ஒரு முறைக்கு மேல் அது கைவிடக் கூடாது. ஒருவரே, ஒரே மூன்று நிரல்களை நாள்தோறும் திறக்கும் கணினியில் அது நடக்கலாம். வீட்டில் மூவர் பகிரும் மடிக்கணினியிலோ, வகுப்புக்கு வகுப்பு கை மாறும் ஆய்வகக் கணினியிலோ அதை எதிர்பார்க்க முடியாது. 77 டாலருக்கு 120 ஜிபி எஸ்எஸ்டி ஒன்றையே அப்போது வாங்கியிருக்கலாம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் தராசு எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும்.

120 ஜிபிக்குள் எல்லாம் அடங்குமா என்ற மறுப்பு நியாயமானதே. மாணவர் வன்தட்டில் இடத்தை நிரப்பியிருப்பவை படங்களும் காணொளிகளும். ஒரு காணொளி ஓட விநாடிக்கு ஒரு மெகாபைட்கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. பழைய வன்தட்டு அதைப் போல் பல பத்து மடங்கு தரும். ஆகவே இயங்குதளத்தையும் நிரல்களையும் எஸ்எஸ்டிக்கு மாற்றிவிட்டு, கழற்றிய வன்தட்டை யுஎஸ்பி கேசிங்கில் போட்டுக் காணொளிகளுக்கு வைத்துக்கொள்ளலாம். ரேமைக் கூட்டினால் போதாதா என்பது இதனினும் வலுவான மறுப்பு. இயங்குதளம் மீதமுள்ள ரேமைத் தானாகவே வன்தட்டுக்குக் கேச்சாகப் பயன்படுத்துகிறது. 2 ஜிபியில் மிச்சமே இருக்காது என்பதால் 4 ஜிபியாக்குவது கட்டாயம் செய்ய வேண்டியது. ஆனால் ரேம் கேச் கணினியை அணைத்ததும் அழிகிறது. காலையில் பள்ளி ஆய்வகத்தில் முப்பது கணினிகளை ஒருசேர எழுப்பும்போது முப்பதும் வெறுங்கையோடுதான் தொடங்குகின்றன. மின்வெட்டுக்குப் பிறகும் அதே நிலைதான். இரண்டையும் செய்ய வேண்டும். ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால், 2 ஜிபி கணினியில் ரேமுக்கும் 4 ஜிபி கணினியில் எஸ்எஸ்டிக்கும் முதலிடம் தருவேன்.

வேகத்தோடு சேராத ஒரு காரணமும் உண்டு. நான் அதையே பெரிதாகக் கருதுகிறேன். பத்தாண்டுக்கு மேல் மதுரையின் வெயிலிலும் புழுதியிலும் சுழன்ற வன்தட்டு தேய்ந்த பொருள். அதற்கு முன்னால் கேச்சை வைத்தால், அடிக்கடி தொடும் பகுதிகள் கேச்சிலிருந்தே வந்துவிடும்; பின்னால் தட்டு பழுதடைந்து வருவதைப் பயனாளி உணர மாட்டார். போதாக்குறைக்கு, எழுதுவதை முதலில் கேச்சில் வாங்கி வைத்துப் பின்னர் வன்தட்டுக்கு அனுப்பும் முறையில், இரண்டில் எது கெட்டாலும் தரவு குலையும். வன்தட்டை மட்டும் கழற்றி வேறு கணினியில் மாட்டித் தரவை மீட்பது நம் ஊர்ப் பழுதுபார்ப்பவர்களின் வழக்கமான கைவேலை. கேச்சோடு பிணைந்த வன்தட்டில் அந்த வழி அடைபட்டுப் போகலாம். சான்றிதழும் ஆய்வேடும் ஒரே பிரதியாகக் கிடக்கும் கணினியில் இந்த இடரை விலை கொடுத்து வாங்குவது எந்த வகையிலும் முறையன்று.

அப்படியானால் கேச்சுக்கு இனி இடமே இல்லையா? இருக்கிறது, ஆனால் மடிக்கணினியில் அன்று. தரவு அவ்வளவையும் எஸ்எஸ்டியில் வைக்கக் கட்டுப்படியாகாத இடங்களில். தமிழ் நூல்களை மின்னுரையாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழியில் நூல்களை உரை வடிவில் வைத்தால் திருக்குறள் முழுவதும் அரை மெகாபைட்டைத் தாண்டாது. எந்தக் கணினியின் ரேமிலும் அடங்கிவிடும். ஆனால் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நிறுவிய மதுரைத் தமிழ்ச் சங்கம் போன்றவற்றின் பழைய அச்சு நூல்களைப் படிமமாக எடுப்பதாகக் கொள்வோம். ஏ4 அளவுப் பக்கம் ஒன்று, அங்குலத்துக்கு 300 புள்ளி, வண்ணம், சுருக்காத நிலை என்றால் 26 மெகாபைட். 300 பக்க நூல் 7.8 ஜிபி. 1,000 நூல்கள் 7.8 டெராபைட். இதற்குப் பெரிய வன்தட்டுகளே சிக்கனம். வாசகர் கேட்பதோ இரண்டு வகை: நூற்பட்டியலிலும் சிறு முகப்புப் படங்களிலும் சிதறிய தேடல், பிறகு ஒரு நூலின் பக்கங்களை வரிசையாகப் புரட்டல். முன்னது சிறியது, திரும்பத் திரும்ப வருவது, கேச்சுக்கென்றே அமைந்தது. பின்னது வன்தட்டுக்கு இயல்பானது. 2013இல் லினக்ஸ் 3.10 உடன் சேர்ந்த பிகேச் இந்த வேறுபாட்டை அறிந்தே அமைக்கப்பட்டிருக்கிறது: தொடர்ச்சியாக 4 மெகாபைட்டைத் தாண்டிப் போகும் படிப்பை அது கேச்சில் ஏற்றாமல் நேரே வன்தட்டுக்கு விட்டுவிடுகிறது, எழுதுவதையும் இயல்பான அமைப்பில் கேச்சோடு வன்தட்டிலும் உடனுக்குடன் எழுதிவிடுகிறது. இரண்டு வன்தட்டுகளும் ஒரு சிறு எஸ்எஸ்டியும் கொண்ட சாதாரண மேசைக்கணினியிலேயே ஒரு கல்லூரி நூலகம் இதை நிறுவலாம். தனித் தொகுதி எதையும் தேட வேண்டியதில்லை.