குறி ஒன்று, பெயர் பல

இன்று நாம் எழுதும் இலக்கங்களை மேற்குலகம் அரபு இலக்கங்கள் என்கிறது. அரபிகளோ அவற்றை இந்திய இலக்கங்கள் என்றனர். 9ஆம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த அல் குவாரிஸ்மி இந்தியக் கணக்கு முறையை விளக்கி நூல் எழுதினார். 12ஆம் நூற்றாண்டில் அது லத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. குறிகள் இவ்வாறு நாடுவிட்டு நாடு சென்றன. எண்ணுப் பெயர்கள் மட்டும் அந்தந்த மொழியிலேயே தங்கிவிட்டன.

கல்முனைக் கரையோரத்தில் இதனை நாளாந்தம் கேட்கிறேன். 25 தமிழில் ‘இருபத்தைந்து’. இருபது முன்னே நிற்கிறது. சிங்கள ‘விசிபஹ’வும் அவ்வாறே. மத்ரஸாவில் அதுவே ‘கம்ஸதுன் வ இஷ்ரூன்’, அதாவது ஐந்தும் இருபதும். ஜெர்மன் மொழியின் போக்கும் இதுவே. அம்மொழிப் பிள்ளைகள் சொல்வதெழுதும்போது 25ஐ 52 என மாற்றி எழுதிவிடுவதை ஆய்வாளர் பதிவு செய்துள்ளனர்.

வளர்ந்தோரையும் மொழி விடுவதில்லை. 2001இல் ஸ்பெல்கி, ஸிவ்கின் ஆகியோர் ரஷ்ய மொழியும் ஆங்கிலமும் அறிந்தோரிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். ஒரு மொழியில் பயின்ற கூட்டலுக்குச் சரியான விடையை மற்ற மொழியில் சொல்ல அவர்களுக்குக் கூடுதல் நேரம் பிடித்தது. உத்தேச விடைக்கு அவ்வேறுபாடு இருக்கவில்லை. ஆங்கிலம் கற்ற எம்மவரும் சந்தையில் உதட்டுக்குள் தமிழிலேயே கூட்டுவதன் காரணம் இதில் விளங்குகிறது.

2000களின் தொடக்கத்தில் இலங்கைப் பாடசாலைகளில் இருமொழிக் கல்வி வந்தது. ஆங்கிலத்தில் கணிதம் பயிலும் பிள்ளை விடை சொல்லச் சுணங்கினால் உடனே மந்தம் என்று முடிவு கட்டலாகாது. தமிழில் மனனம் செய்த வாய்ப்பாட்டை ஆங்கில வகுப்பிலும் வாய்விட்டுச் சொல்ல இடமளிப்பதே ஆசிரியரான எங்கள் கடமை.