வெள்ளம் வடிந்தபின் எழுந்த பாடல்கள்

2005ஆம் ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் நாள் 'கத்ரீனா' சூறாவளி ஐக்கிய அமெரிக்காவின் தென்கரையைத் தாக்கியது. நியூ ஓர்லீன்ஸ் நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் அமிழ்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் அப்பேரிடரில் மாண்டனர். இதனை இயற்கையின் சீற்றம் எனக் கூறி அமைதி காண்போர் உளர். காற்றும் மழையும் இயற்கையினவே; ஆயின், நகரை மூழ்கடித்தது கால்வாய்க் கரைகளில் எழுப்பப்பட்டிருந்த தடுப்புச் சுவர்கள் உடைந்தமையேயாகும். அவற்றை அமைத்த இராணுவப் பொறியியற் பிரிவே 2006இல் தன் வடிவமைப்புப் பிழைகளை ஒப்புக்கொண்டது. 1927இல் மிசிசிப்பி பெருகியபோது, நகரைக் காப்பதற்கெனக் கீழ்ப்புறத்து அணைக்கரையை வெடிவைத்துத் தகர்த்து, வறியோரின் நிலங்களை நீருக்கு இரையாக்கிய வரலாறும் அங்கு உண்டு. 2005இலும் ஊர்தி இல்லாதோரே கூரைகளின் மேல் நின்று உதவிக்குக் கையசைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பின மக்கள்.

வீடிழந்தோருள் ஒருவர் அலன் டூசான்ட். 1938இல் அந்நகரிற் பிறந்த இவர் பியானோக் கலைஞர், பாடலாசிரியர், இசையமைப்பாளர். நியூ ஓர்லீன்ஸின் 'சோல்' இசைக்கு அதன் தனிநடையை வழங்கியோருள் முதன்மையானவர். லீ டோர்சி 1966இல் பாடிய சுரங்கத் தொழிலாளியின் பாடலை இன்றும் பலர் அறிவர். அதனை ஆக்கியவர் இவர் என்பதை அறிந்தோர் சிலரே. வாழ்நாளிற் பெரும்பகுதியைத் திரைக்குப் பின்னாற் கழித்த இம்மனிதரை, அறுபத்தேழாம் வயதில் நியூயோர்க்கின் சிற்றரங்குகளிற் பியானோவின் முன் அமர்த்தியது வெள்ளமேயாகும்!

நிவாரண நிகழ்ச்சிகளில் இவருடன் இணைந்தவர், இங்கிலாந்தின் 'றொக்' பாடகர் எல்விஸ் கொஸ்டெலோ. இருவரும் 1980களிலிருந்தே அறிமுகமானோர். 2005இன் இறுதியில், ஜோ ஹென்றியின் தயாரிப்பில், ஹொலிவூட்டிலும் பின்னர் நியூ ஓர்லீன்ஸிலும் ஒலிப்பதிவு நடந்தது. நகரின் பல குடியிருப்புகள் அப்போது இருளிலேயே கிடந்தன. 'த றிவர் இன் றிவேர்ஸ்' என்னும் அவ்விசைத்தட்டு 2006இல் வெளிவந்தது.

அதிலுள்ள பதின்மூன்று பாடல்களுள் ஏழு டூசான்டின் பழைய பாடல்கள் என்பதே நாம் ஊன்றி நோக்கவேண்டியது. புதுப்பாடல்களுள் ஒன்று, புரொபெசர் லோங்ஹெயர் என்னும் நியூ ஓர்லீன்ஸ் பியானோக் கலைஞரின் களிப்பு மிகுந்த 'டிப்பிட்டினா' மெட்டைச் சோகச் சுரங்களுக்குத் திருப்பி அமைத்தது. விழாக்காலத்து மெட்டே ஒப்பாரியாகிறது. உள்ளத்தைத் தொடும் செயல்தான். எனினும் பழைய பாடல்களே என்னை மேலும் உலுக்கின. விடுதலைக்கு ஏங்கும் பாடலும், சகோதரன் முன்னேற உதவப்போவது யார் என வினவும் பாடலும் 1970ஐ ஒட்டி எழுதப்பட்டவை. கத்ரீனாவுக்கென அவை எழுதப்படவில்லை. எழுதவேண்டிய தேவையும் இருக்கவில்லை. வெள்ளம் வருவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்பே அவ்வினா அங்கு நின்றது.

ஒரு குறையைச் சொல்லாமல் விடுதல் நேர்மையன்று. கறுப்பின மக்களின் இசையை வெள்ளையர் பாடிப் பொருளீட்டியமை றொக் இசையின் வரலாற்றோடு பிறந்தது. இவ்விசைத்தட்டிலும் முன்நிற்பது பெரும்பாலும் கொஸ்டெலோவின் குரலே. அவர் தம் நண்பரின் பெயரை மறைத்தாரில்லை. அட்டையில் இருவர் பெயரும் ஒருங்கே உள்ளன. ஆயினும் டூசான்டின் மென்குரலை இன்னுஞ் சற்றுக் கேட்டிருக்கலாமே என்னும் ஏக்கம் எழவே செய்கிறது. சகோதரனுக்கு யார் உதவுவார் என்னும் பாடலை மட்டும் அவரே முன்நின்று பாடுகிறார். குரலில் ஆத்திரம் இல்லை. நெடுநாள் கேட்டுப் பழகிய ஒரு வினாவை மறுபடியும் கேட்கும் பொறுமையே உள்ளது.