தாத்தாவின் தொடையில் ஒரு கோடு

என் தாத்தாவின் வலது தொடையில், முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, சாய்வாக ஒரு கோடு இருந்தது. கைலியை மடித்துக் கட்டும்போது தெரியும். கோட்டுக்குப் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு ஒரு குழி. கேட்டால் "பன்னி கிழிச்சது" என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. மற்ற வேட்டைக் கதைகளையெல்லாம் கையை ஆட்டி ஆட்டிச் சொல்லும் மனிதர் இந்த ஒன்றில் மட்டும் இரண்டு சொல்லோடு நிறுத்திக்கொள்வார். சின்ன வயதில் அது எனக்கு வித்தியாசமாகப் படவில்லை.

பெடாஸ் என்றால் மலாயில் காரம். ரெம்பாவுக்கும் லிங்கிக்கும் நடுவில் இருக்கும் சின்ன ஊர். இன்று நெடுஞ்சாலையில் போகிறவர்களுக்கு அது ஒரு வெளியேறும் வழிப் பலகை, கூடவே ஒரு வெந்நீர் ஊற்று, அவ்வளவுதான். சுற்றி முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டம் முடியும் இடத்தில் புதர்க்காடு, அதைத் தாண்டினால் கம்பத்து மலாய்க்காரர்களின் டுரியான், ரம்புத்தான் தோப்புகள். பன்றிக்கு இதைவிட நல்ல நாடு கிடையாது. தோப்புக்காரர்கள் முஸ்லிம்கள். அவர்கள் பன்றியைத் தொட மாட்டார்கள், ஆனால் மரவள்ளியைத் தோண்டிப் போட்டுவிட்டுப் போனால் வயிறு எரியும்தானே? அதனால் அவர்களே லயத்துக்கு ஆள் அனுப்புவார்கள். வந்து அடித்துவிட்டுப் போங்கள், அடித்ததை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் இனங்களுக்கு இடையே நான் பார்த்த மிக உருப்படியான ஒப்பந்தம் அதுதான்.

பன்றி வேட்டை என்றதும் சிரிப்பவர்கள் உண்டு. புலி, யானை என்றால்தான் வேட்டை என்று நினைப்பு. ஆனால் முதிர்ந்த ஆண்பன்றி 100 கிலோவுக்கு மேலும் போகும். கீழ்த்தாடைத் தந்தம் மேல்தந்தத்தில் உரசி உரசித் தானாகவே தீட்டிக்கொள்ளும். தலையைத் தாழ்த்தி ஓடிவந்து மேல்நோக்கி வீசும்போது அது படுகிற உயரம் மனிதனின் தொடை. அங்கே ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஆஸ்பத்திரிக்குப் போய்ச்சேர நேரம் இருக்காது. தோள்பகுதியில் தோலுக்கு அடியில் கெட்டியான ஒரு கவசம் வேறு. சாதாரண ஈயக்குண்டு அதில் பட்டால் பன்றிக்குக் கோபம் மட்டும்தான் வரும். இதை எங்கள் ஆட்கள் புத்தகத்தில் படிக்கவில்லை. நாய்களின் வயிற்றைப் பார்த்துத் தெரிந்துகொண்டார்கள். வேட்டை முடிந்து வந்ததும் லயத்து வாசலில் சாக்கை விரித்து, கிழிந்த நாயைப் படுக்கவைத்து, துணி தைக்கிற ஊசியும் நூலுமாகத் தாத்தா தைப்பதைப் பார்த்திருக்கிறேன். நாய் கத்தாது. தாத்தாதான் முனகிக்கொண்டே இருப்பார்.

போவதற்கு முன் தோட்ட எல்லையில் இருக்கும் முனியாண்டிக்கு ஒரு சுருட்டு. தாத்தாவுக்குத் தெரிந்த பாதுகாப்பு விதிகளில் அது முதல். இரண்டாவது, குட்டியோடு இருக்கும் தாய்ப்பன்றியின் கூட்டுப் பக்கம் போகாதே. கூடா என்று நான் ஒருமுறை கேட்டு வாங்கிக்கட்டிக்கொண்டேன். உண்மைதான், பன்றி கூடு கட்டும். பிரசவத்துக்கு முன் நூற்றுக்கணக்கான இளங்கன்றுகளைக் கடித்து முறித்துக் குவித்து அதற்குள் படுத்துக்கொள்ளும். இதே நெகிரி செம்பிலானில், ஜெலுபு பக்கத்தில் இருக்கும் பாசோ காட்டில் காலன் இக்கஸ் என்ற ஆய்வாளர் 1990களில் இதையெல்லாம் எண்ணிப் பார்த்திருக்கிறார். 1996இல் அங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு 47 பன்றிகள், 1998இல் 27. இயல்பான காட்டில் இருக்கவேண்டியதைவிடப் பல மடங்கு. காரணம் இரண்டு. காட்டைச் சுற்றி வருடம் முழுக்கப் பழம் உதிர்க்கும் செம்பனை. பன்றியைத் தின்னப் புலி இல்லாமை. தோட்டம் போட்டவர்களே பன்றியையும் வளர்த்துவிட்டார்கள் என்று சொல்லலாம்.

மலாயா வேட்டை பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது இந்தக் கோட்டால்தான். அப்படிக் கிடைத்தவர்களில் முக்கியமானவர் தியோடர் ஹப்பேக். லங்காஷயர் அணிக்குக் கிரிக்கெட் ஆடிய ஆள். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் மஸ்ஜித் ஜாமெக்கையும் வடிவமைத்த ஆர்தர் ஹப்பேக்கின் சகோதரர். 1905இல் யானையும் செலாடாங்கும் வேட்டையாடியதைப் பற்றித் தனி நூலே எழுதினார். செலாடாங் என்பது நம் ஊர்க் காட்டெருதின் உறவு. அடிபட்டால் ஓடிப்போய், சுற்றிவந்து, தன் தடத்துக்குப் பக்கத்திலேயே ஒளிந்து காத்திருக்கும் என்று பேர் வாங்கிய மிருகம். மலாய் மாநிலங்களின் போலீஸ் கமிஷனராக இருந்த சையர்ஸ் 1897இல் பகாங்கில் அதனிடம் முட்டுப்பட்டுத்தான் செத்தார். நல்ல வேட்டைக்காரர் என்று பெயர் எடுத்தவர்.

இந்தவகை நூல்களில் மயிரிழையில் தப்பிய கதைகள் நிறைய. நான் ரசித்துத்தான் படித்தேன், பொய் சொல்லமாட்டேன். கொம்பு எத்தனை அங்குலம், துப்பாக்கி என்ன ரகம், பாய்ந்தபோது எத்தனை கெஜ தூரம், எல்லாம் இருக்கும். தடம் பார்த்துக் கூட்டிப்போன மலாய்க்காரரும் ஒராங் அஸ்லியும் பக்கத்தில் நிற்பார்கள். அதே மிருகம் அவர்கள் மீதும்தான் பாய்ந்தது. ஆனால் தப்பித்தது துரை மட்டும்தான் என்பதுபோலக் கதை முடியும். தமிழர்கள் பெரும்பாலும் அந்தச் சட்டகத்துக்குள்ளேயே வருவதில்லை. வந்தால் பலியானவர்களாக வருவார்கள். திரெங்கானுவின் கெமாமான் பகுதியில் அதிகாரியாக இருந்த லாக், 1954இல் வெளியிட்ட நூலில் ஆட்கொல்லிப் புலிகளைச் சுட்டதைச் சொல்கிறார். அவை கொன்றவர்களில் பால்மரம் வெட்டுகிறவர்களும் உண்டு. வெட்டுக்காரர் விடியும் முன்னே, விளக்கு வெளிச்சத்தில், குனிந்து, காட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வேலை செய்கிறவர். புலியின் பார்வையில் அது நாலு காலில் நிற்கும் ஒரு மிருகம். தினம் 300, 400 மரத்தில் குனிந்தால் எத்தனை தடவை தப்பித்தோம் என்று யார் கணக்கு வைப்பார்கள்? என் பாட்டி தீம்பாரில் இருக்கும்போது புலி என்ற சொல்லையே வாயில் எடுக்கமாட்டார். 'பெரியவரு' என்பார்.

இன்னும் பின்னால் போனால் வேறொரு வினோதம். சிங்கப்பூரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் காசுக்கட்டித் தோட்டங்களில் புலிகள் ஆட்களைத் தூக்கிக்கொண்டிருந்தபோது, அரசாங்கம் சிறையிலிருந்த இந்தியக் கைதிகளைக் குழுக்களாகப் புலி வேட்டைக்கு அனுப்பியது. சிறைப் பொறுப்பில் இருந்த மேக்நேர் 1899இல் எழுதிய நூலில் இது வருகிறது. கைதி கையில் துப்பாக்கி! நம்ப முடிகிறதா? நூறு வருடம் கழித்து, சொந்த உழைப்பில் வாழும் ஒரு தோட்டத் தமிழன் கையில் அதே துப்பாக்கி இருந்தால் தூக்கு. 1948 ஜூனில் அவசரகாலம் அறிவிக்கப்பட்ட பிறகு, அனுமதியில்லாமல் ஆயுதம் ஏந்தித் திரிந்தால் மரண தண்டனை என்றானது.

ஹப்பேக்கைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. இவ்வளவு சுட்டவர் பின்னாளில் அந்த மிருகங்களுக்காகவே அலைந்தார். 1930இல் அமைக்கப்பட்ட வனவிலங்கு ஆணையம் என்பது ஏறக்குறைய அவர் ஒருவர்தான். ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு 1932இல் மூன்று தொகுதி அறிக்கை கொடுத்தார். இன்றைய தாமான் நெகாராவுக்கு வித்து அது. காட்டு மிருகம் பயிரை அழிக்கிறது, சுடவேண்டும் என்று நின்ற தோட்ட முதலாளிகளோடு அவருக்கு ஒத்துப்போகவே இல்லை. எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் மனம் மாறுவதற்குக்கூட முதலில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை வேண்டியிருக்கிறது.

அவசரகாலத்தில் எங்கள் பக்கத்து லயங்களைச் சுற்றிக் கம்பிவேலி எழுந்தது. இரவில் ஊரடங்கு. வெட்டுக்குப் போகும்போது அரிசி, சோறு எடுத்துப்போகத் தடை, காட்டில் இருப்பவர்களுக்குக் கொடுத்துவிடுவோமாம். வாசலில் சோதனை. காட்டோரத்தில் பதுங்கியிருக்கும் ராணுவத்துக்குப் புதர் அசைந்தால் அது பன்றியா மனிதனா என்று தெரியாது. முன்பு வேட்டைக்காரனுக்குப் பயம் பன்றியிடம் மட்டும் இருந்தது. இப்போது அவனே பன்றியின் இடத்தில் நின்றான். வேட்டை குறைந்தது, பன்றி பெருகியது, பங்கீட்டு அரிசியில் வயிறு காய்ந்தது.

சுருக்குக் கம்பி பரவலானது இந்த மாதிரிக் காலங்களில்தான் என்று எனக்கு ஓர் எண்ணம். சத்தம் வராது, லைசென்ஸ் கேட்கமாட்டார்கள். ஆனால் சுருக்கு ஆள் பார்த்துப் பிடிக்காது. பன்றிக்கு வைத்ததில் மானும் மாட்டும், புலியும் மாட்டும். தீபகற்பத்தில் ஒரு காலத்தில் 3,000 புலிகள் இருந்ததாக லாக் மதிப்பிட்டார். இன்று 150க்கும் குறைவு. இதில் பெருங்கும்பல்களின் பங்கு அதிகம், காடு அழிப்பின் பங்கு அதிகம். எங்கள் லயத்துக் கம்பிக்கும் ஒரு பங்கு உண்டு. அதை மறைத்துவிட்டுத் துரைமார்களை மட்டும் திட்ட எனக்கு மனமில்லை.

1999இல் வேட்டை எங்கள் பக்கம் ஒரேயடியாக நின்றது. போர்ட்டிக்சன் பக்கம் புக்கிட் பெலண்டோக்கில் பன்றிப் பண்ணை ஆட்கள் மூளைக்காய்ச்சலில் செத்துக்கொண்டிருந்தார்கள். சுங்கை நிப்பா என்ற அந்தச் சின்ன கிராமத்தின் பெயரைத்தான் உலகம் முழுக்க இன்று நிப்பா வைரஸ் என்று சொல்கிறார்கள். நாடு முழுவதும் 105 பேர் இறந்தார்கள், பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகள் கொல்லப்பட்டன. நாய்க்கும் அது தொற்றும் என்று செய்தி வந்த அன்று தாத்தா தன் மூன்று நாய்களையும் பார்த்துக்கொண்டு ராத்திரி முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. அதற்குப் பிறகு அவர் காட்டுக்குப் போகவில்லை. ஐந்து வருடத்தில் போய்ச்சேர்ந்தார்.

கோட்டின் கதையைச் சொன்னது அவர் தம்பி, என் சின்னத் தாத்தா. 2016இல், அவருக்கு எண்பது தாண்டிவிட்டது. நான் ஹப்பேக்கின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"உங்க தாத்தாவ பன்னி கிழிக்கல தம்பி. சுட்டது."

அவர்கள் மூன்று பேர். தாத்தா, சின்னத் தாத்தா, இன்னொரு கூட்டாளி. கூட்டாளியிடம் ஒரு ஒற்றைக்குழல் துப்பாக்கி. ஜப்பான்காரன் காலத்தில் யாரோ புதைத்தது, அவர் தோண்டி எடுத்திருந்தார்.

"சத்தம் கேக்காதா சின்ன தாத்தா?"

"மழ நாளா பாத்துத்தான் போவோம். இடி இடிக்கணும். இடியோட இடியா அடிக்கணும்."

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் வானம் கறுத்திருக்கிறது. பால் எடுத்து முடித்து, ஊரடங்குக்கு முன்னால் இருக்கிற அந்த ரெண்டு மணி நேரத்தில் போயிருக்கிறார்கள். பன்றி எதிர்பார்த்த பக்கம் வரவில்லை. பின்னாலிருந்து நேராகத் தாத்தாவைப் பார்த்து வந்தது. கூட்டாளி இடிக்காகக் காத்திருக்கவில்லை, சுட்டுவிட்டார். பன்றி தாத்தாவின் காலை உரசிக்கொண்டு ஓடிவிட்டது. அதன் மயிர் குத்தியதுகூட நினைவிருந்ததாம். விழுந்தது தாத்தா. ஒரு குண்டு தோலைக் கிழித்துக்கொண்டு போயிருந்தது, ஒன்று உள்ளே இருந்தது.

"சாவப்போறான்னு பயமில்ல. பொழச்சா என்ன சொல்றதுன்னுதான் பயம். மூணு பேருக்கும் கயிறு."

துப்பாக்கியைச் சதுப்பில் அழுத்தினார்கள். வேட்டியைக் கிழித்துத் தொடையில் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வேலி வாசலில் நின்ற காவல்காரர் மலாய்க்காரர். ரத்தத்தைப் பார்த்து என்ன என்று கேட்டிருக்கிறார். "பாபி" என்று சொல்லியிருக்கிறார்கள். பன்றி பட்ட ரத்தம் என்றதும் அவர் இரண்டடி தள்ளி நின்று வழிவிட்டார். உடம்பைத் தடவிப் பார்க்கவில்லை.

அடுத்து தோட்டத்து ஆஸ்பத்திரி. டிரெசர் ஒரு மலையாளி, கண்டிப்பான ஆள், துரைக்கு நெருக்கம். கதவைச் சாத்தச் சொன்னார். தாத்தா வாயில் துணியைக் கொடுத்துவிட்டு இடுக்கியை விட்டுக் கிளறினார். சின்னத் தாத்தா விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"குண்டு வந்துச்சு. தட்டுல போட்டாரு. டிங்குனு ஒரு சத்தம். அந்தச் சத்தம் இன்னைக்கும் கேக்குது எனக்கு. யாரும் பேசல. கட்டுப் போட்டு முடிச்சாரு. அப்புறம் பெரிய நோட்டு ஒண்ணு எடுத்தாரு, பேனாவ தொறந்தாரு. என்னையப் பாத்து கேட்டாரு, பன்னி ஆணா பொட்டையான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆணுன்னேன். எழுதிக்கிட்டாரு."