குவாண்டம் மேற்பொருந்துதலில் நோக்குநரின் பங்கு

எலக்ட்ரான், அணு போன்ற நுண்துகள்கள் பல நிலைகளின் கலவையாக இருக்கக்கூடிய தன்மை குவாண்டம் மேற்பொருந்துதல் எனப்படும். இரட்டைப்பிளவு வழியே ஒவ்வொன்றாக அனுப்பப்படும் எலக்ட்ரான்கள் திரையில் தனித்தனிப் புள்ளிகளாக விழுந்தாலும், புள்ளிகள் சேரச் சேரக் குறுக்கீட்டுக் கோடுகள் தெரியவரும். எலக்ட்ரான் எந்தப் பிளவைக் கடந்தது என்று கண்டறியக் கருவி வைத்தால் கோடுகள் மறைந்துவிடும். மேற்பொருந்துதலைக் குலைக்கும் இந்த ‘நோக்குநர்’ யார் என்பது நெடுங்காலம் விவாதிக்கப்பட்டது.

இயற்பியலாளர் எர்வின் ஷ்ரோடிங்கர் 1935இல் பூனையை வைத்து ஒரு கற்பனைச் சோதனையை முன்வைத்தார். மூடிய பெட்டிக்குள் பூனையோடு இருக்கும் கதிரியக்க அணு ஒன்று சிதைந்தால் பூனை சாகும்; அந்த அணுவோ சிதைந்த, சிதையாத நிலைகளின் மேற்பொருந்துதலில் இருக்கும். எனவே பெட்டியைத் திறக்கும்வரை அது உயிரோடும் இறந்தும் இருப்பதாகக் கணிதம் சொல்லும். அப்படியொரு பூனை உண்டு என்று காட்டுவது அவர் நோக்கமன்று; அந்த முடிவின் அபத்தத்தைக் காட்டவே அதைச் சொன்னார். இது இன்றும் பெரும்பாலும் தலைகீழாகவே எடுத்துரைக்கப்படுகிறது. யூஜீன் விக்னர் 1961இல் மனித உணர்வே அளவீட்டை முடித்துவைக்கிறது என்று வாதிட்டு, பின்னாளில் அக்கருத்தைக் கைவிட்டார்.

நோக்குவதற்கு மனம் தேவையில்லை. 1970இல் டீட்டர் ஜேயும், 1980களில் வோய்சியேக் சூரெக்கும் வளர்த்த ஓரியல்புக் குலைவுக் கோட்பாட்டின்படி, ஒரு பொருளின் நிலையைப் பற்றிய தகவல் சுற்றுப்புறத்தில் பதிந்தாலே போதும். அதை எவரும் படித்துப் பார்க்க வேண்டியதில்லை. பொருளில் மோதும் காற்று மூலக்கூறும், பட்டுச் சிதறும் ஒளித்துகளும் அதன் இருப்பிடத்தின் சுவட்டைச் சுமந்து செல்கின்றன. பொருளின் நிலை அவற்றின் நிலைகளோடு பிணைந்துவிடுவதால், குறுக்கீட்டு விளைவைப் பொருளில் மட்டும் தேடினால் கிடைக்காது. மேசையும் நாற்காலியும் தத்தமக்குரிய ஒரே இடத்தில் இருப்பதாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே. இருட்டறையில் பூட்டி வைத்தாலும் காற்றும் வெப்பக் கதிர்வீச்சும் அவற்றை விடுவதில்லை. விண்மீன்களுக்கு இடையிலான வெட்டவெளியில் மிதக்கும் தூசியைக்கூட அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு இவ்வாறு ‘நோக்கிக்கொண்டே’ இருக்கிறது என்று 1985இல் யூஸும் ஜேயும் கணக்கிட்டனர்.

சோதனைகளும் இதற்குச் சான்று தருகின்றன. 60 கார்பன் அணுக்கள் கொண்ட ஃபுல்லரீன் மூலக்கூறுகள் குறுக்கீடு காட்டுவதை 1999இல் வியன்னாவில் ஆன்டன் சைலிங்கர் குழு நிறுவியது. 2004இல் அங்கேயே 70 கார்பன் அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கினர். சூடு ஏற ஏற, அவை தாமே உமிழ்ந்த ஒளி அவற்றின் பாதையைக் காட்டிக்கொடுத்தது; கோடுகள் மங்கி மறைந்தன. தனிமைப்படுத்தல் சரியாக அமைந்தால் அளவு தடையில்லை என்பதற்கு, சுமார் 2000 அணுக்கள் கொண்ட மூலக்கூறுகளில் 2019இல் காணப்பட்ட குறுக்கீடு சான்று.

எனினும் பல வாய்ப்புகளில் ஒன்று மட்டும் ஏன் விளைவாகக் கிடைக்கிறது என்பதை ஓரியல்புக் குலைவு விளக்குவதில்லை. எல்லா விளைவுகளும் வெவ்வேறு கிளைகளில் நிகழ்கின்றன என்பது 1957இல் ஹியூ எவரெட் வெளியிட்ட கருத்து. கிரார்தி, ரிமினி, வெபர் ஆகியோரின் 1986ஆம் ஆண்டுக் கோட்பாடோ, துகளின் நிலையை விவரிக்கும் அலைச்சார்பு நோக்குநரே இல்லாமல் அவ்வப்போது தானாகச் சுருங்குகிறது என்கிறது. இது இயல்பான குவாண்டம் கோட்பாட்டிலிருந்து மாறுபட்ட முன்கணிப்புகளைத் தருவதால் சோதனைக்கு உட்படுத்தத்தக்கது. மேன்மேலும் கனமான மூலக்கூறுகளைக் கொண்டு குறுக்கீட்டுச் சோதனைகள் நடத்தப்படுவதன் நோக்கங்களுள் ஒன்று இக்கோட்பாட்டைச் சோதிப்பதாகும்.